வைக்கோல் சுவர் கட்டப் பழகுவோம்: வாசகர் கேள்வி பதில்

காற்றிலிருக்கும் கரியை (கார்பனை) தன்னுள் பூட்டிவைக்கும் கட்டுமானப் பொருள்கள் பற்றியும், அவற்றைக் கையால் செய்து பழகும் பயிற்சி பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

மண் வீடு கரியமில வாயுவைச் சேமிக்கும் என்கிறார்களே, மண்ணுக்கு அப்படி என்ன சக்தி?
*தஞ்சாவூர் வாசகர்*

மண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது. சுடாத மண்ணால் கட்டினால் சூளையில் எரியும் விறகு மிச்சம், அவ்வளவுதான். அச்சில் அழுத்தி எடுக்கும் மண் கல்லில் பெரும்பாலும் நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் சேர்கிறது. அதற்கும் ஒரு புகைக் கணக்கு உண்டு. காற்றிலிருந்து கரியை இழுப்பது செடிதான். உலர்ந்த நெல் வைக்கோலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கரி. ஒரு கிலோ கரி 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சாதாரணமாக இருக்கும் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோ வைக்கோலில் சுமார் 1.3 கிலோ வாயு அடங்கியிருக்கிறது. வயலில் கொளுத்தினால் அன்றே போய்விடும். மட்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சுவருக்குள் காய்ந்த நிலையில் இருக்கும்வரை அங்கேயே இருக்கும்.

'காய்ந்த நிலையில்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் புகுந்த சுவரில் வைக்கோல் மட்கும், சேமித்தது திரும்பக் காற்றுக்கே போகும். எனவே பயிற்சியில் பாதி நேரம் தண்ணீரை எப்படி விலக்குவது என்பதற்கே செலவாக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாட்டுக்குத் தீவனம் பற்றாத ஊரில் சுவருக்காக வைக்கோல் வாங்காதீர்கள்.

எங்கள் கல்லூரியில் பத்து மாணவர்களுக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பழக்க நினைக்கிறோம். அளவும் முறையும் சொல்லுங்கள்.
*மதுரை ஆசிரியை*

ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் போதும். இதற்கு 20 கிலோ வைக்கோல், 40 கிலோ உலர்ந்த களிமண் வேண்டும். தண்ணீர் 40 லிட்டரில் தொடங்கி, பதம் பார்த்துக் கூட்டுங்கள். இது பாரம் தாங்கும் சுவர் அல்ல. முதலில் மரச்சட்டம் நிறுத்தி, அதற்குள் நிரப்ப வேண்டும்.

மேல்மண் வேண்டாம், அதில் வேரும் மட்கும் இருக்கும். ஓரிரண்டு அடி தோண்டிக் கீழ்மண்ணை எடுங்கள். பிசைந்து 3 சென்டிமீட்டர் தடிமனில் திரியாக உருட்டி, மேசை விளிம்பிலிருந்து மெதுவாக வெளியே தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணல் அதிகம், இந்த வேலைக்கு ஆகாது. 15 சென்டிமீட்டர்வரை தொங்கினால் நல்ல பசை. இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கரைத்துச் சல்லடையில் வடிகட்டுங்கள். கரைசலில் விரலை முக்கி எடுங்கள்: ரேகை தெரியாதபடி மூடிக்கொண்டு, சொட்டாமல் விரலோடு நிற்க வேண்டும். ரேகை தெரிந்தால் இன்னும் மண் சேருங்கள். கட்டியாக அப்பிக்கொண்டால் தண்ணீர் விடுங்கள்.

வைக்கோல் இந்தப் பருவத்து அறுவடையாக, மஞ்சளாக, பூஞ்சை வாடை இல்லாமல் இருக்கட்டும். அறுவடை இயந்திரத்தில் நைந்து துண்டான வைக்கோலைவிட நீளத் தாள் நன்றாகப் பின்னிப் பிடிக்கும். தார்ப்பாயில் பரப்பி, கரைசலைத் தெளித்து, கவைக்கோலால் புரட்டிப் போடுங்கள். ஒவ்வொரு தாளிலும் மண் பூசியிருக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் ஒழுகக் கூடாது. மூடிவைத்து மறுநாள் எடுத்தால் இன்னும் நன்றாக ஒட்டும்.

சட்டத்தின் இரு பக்கமும் பலகை அடித்து, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் போட்டு மிதியுங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் கட்டையால் அழுத்தம், நடுவில் இலேசு. மாணவர்கள் எப்போதும் இதை மாற்றிச் செய்வார்கள்: கால் வசதியாக விழுவது நடுவில்தானே. நடு இறுகிப்போனால் உள்ளே காற்று போகாது, அங்கேதான் முதலில் கறுக்கும். பாதி உயரத்தில் குறுக்கே மூங்கில் பிளாச்சு ஒன்று வைத்துச் சட்டத்தோடு பிணையுங்கள். நிரப்பியதும் அன்றே பலகையைக் கழற்றிவிடுங்கள். காயட்டும் என்று விட்டுவைப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

சில நாளில் சுவரில் பச்சையாக நெல் முளைக்கும். பயப்பட வேண்டாம், தாளில் ஒட்டியிருந்த மணிகள் அவை. சுவர் காயக் காயத் தானே வாடும். மூன்றாவது வாரமும் பச்சையாகவே நின்றால் சுவர் காயவில்லை என்று பொருள். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மேலே சட்டத்துக்குக் கீழே சுவர் இறங்கி இடைவெளி விட்டால், அதே கலவையை அடைத்துவிடலாம்.

பூச்சுக்கு முன் நாள் கணக்கை நம்பாதீர்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 100 கிராம் பிடுங்கி எடுத்து, ஆய்வக அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவையுங்கள். 84 கிராமோ அதற்கு மேலோ நின்றால் ஈரம், காய்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குள் இருக்கிறது, பூசலாம். குறைந்தால் காத்திருங்கள். எட்டு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

வைக்கோல் சுவரின் மேல் சிமெண்ட் பூசலாமா?
*நாகப்பட்டினம் வாசகர்*

கூடாது. சிமெண்ட் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீர் நுழையும், வெளியேற வழியிருக்காது. முதலில் களிமண் 1, மணல் 2 முதல் 3, விரல்நீளம் நறுக்கிய வைக்கோல் ஒரு பங்கு கலந்து மண்பூச்சு. மணலின் அளவை ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்து முடிவு செய்யுங்கள்: வெடித்தால் மணலைக் கூட்டுங்கள், கையால் தேய்த்து உதிர்ந்தால் குறையுங்கள். அது காய்ந்தபின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாதவரைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சுண்ணாம்பைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். சுடும்போது கல்லிலிருந்து போன வாயுவில் ஒரு பகுதியைப் பூச்சு திரும்ப இழுக்கும். சூளை எரித்த புகை திரும்பாது.

சுவருக்கு அடியில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் கருங்கல் அல்லது செங்கல் அடிமட்டம், மேலே இரண்டரை அடி இறவாரம். இவை இரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

தீப்பிடிக்காதா?
*ஈரோடு வாசகி*

இருபுறமும் பூசிய சுவர் எளிதில் பிடிக்காது. ஆபத்து வேலை நடக்கும்போதுதான்: தரையில் உதிரியாகக் கிடக்கும் வைக்கோல். தினமும் மாலையில் கூட்டி அள்ளுங்கள், பீடியை வெளியே அனுப்புங்கள்.

வாங்கிய மூங்கில் ஆறே மாதத்தில் மாவாகக் கொட்டுகிறது. என்ன செய்வது?
*தென்காசி வாசகர்*

மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி வரும் துளைவண்டின் வேலை அது. கொட்டத் தொடங்கியதைக் கட்டுமானத்துக்கு எடுக்காதீர்கள். அடுத்த முறை மூன்று முதல் ஐந்து வயதான கழியாகப் பார்த்து வாங்குங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் (போராக்ஸ்) 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். வெட்டிய சில நாளுக்குள், நீளக் கம்பியால் உள்கணுக்களைக் குத்தித் திறந்து, பாரம் வைத்து முழுக்க அமிழ்த்துங்கள். கணு திறக்காவிட்டால் கரைசல் உள்ளே ஏறாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு வாரம் முதல் பத்து நாள் ஊறியபின் நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். மழை பட்டால் மருந்து கரைந்து போகும், ஆகவே கூரைக்கு அடியில் மட்டும் பயன்படுத்துங்கள். மிஞ்சிய கரைசலைச் செடிக்கோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். அளவைச் சரிசெய்து அடுத்த கழிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே கற்கலாம்? ஐப்பசியில் எங்கள் ஊரிலேயே பயிற்சி வைக்கலாமா?
*மயிலாடுதுறை வாசகர்*

மண் கல், வளைவு, கவிமாடம் கற்க ஆரோவில் புவி நிறுவனம் இருக்கிறது. மூங்கிலுக்கு ஆரோவில் மூங்கில் மையம். எங்கே சேர்ந்தாலும் முன்கூட்டி ஒன்று கேளுங்கள்: குறைந்தது ஒரு மழைக்காலம் கண்ட சுவரைத் திறந்து உள்ளே காட்டுவார்களா? காட்டுகிறவரிடம் போங்கள்.

ஐப்பசி வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வைக்கோல் சுவர் காயவே காயாது. சம்பா அறுவடை முடிந்து மாசியில் வையுங்கள்: வைக்கோலும் புதிதாகக் கிடைக்கும், வைகாசி முடிய வெயிலும் இருக்கும். தார்ப்பாயை மட்டும் அப்போதும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.