பண்டோரா திறந்தது பெட்டியா, தாழியா?

"பண்டோராவின் பெட்டி என்கிறார்களே, மூலக்கதையிலும் பெட்டிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கிரேக்கப் புராணத்தில் முதல் பெண்ணான பண்டோரா திறந்தது ஒரு தாழி. கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்வது 'பித்தோஸ்'. எண்ணெய், திராட்சை மது, தானியம் எல்லாம் சேமித்து வைக்கும் பெரிய மண்தாழி; சில தாழிகள் ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அதைச் சிறு பெட்டியைக் குறிக்கும் 'பிக்ஸிஸ்' ஆக்கிவிட்டார். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

எனக்குத் தாழிதான் பொருத்தமாகப் படுகிறது. பண்டோராவையே கொல்லர்களின் கடவுளான ஹெபாயிஸ்டோஸ் மண்ணையும் நீரையும் குழைத்துத்தானே செய்தார்! பிரமீத்தியஸ் என்ற தேவன் மனிதர்களுக்காக நெருப்பைத் திருடியதால், கடவுள்களின் அரசனான ஜீயஸ் மனிதர்களுக்கு அனுப்பிய தண்டனை அவள். அவள் தாழியின் மூடியைத் திறந்ததும் நோயும் துன்பமும் வெளியே பறந்தன. நம்பிக்கை மட்டும் விளிம்புக்கு அடியில் தங்கிவிட்டது. அது மனிதருக்கு மிஞ்சிய ஆறுதலா, இல்லை அவர்களுக்கு எட்டாமல் அடைபட்டதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.