திருமண நாளுக்கு இருவர் மட்டும் தீம் பார்க் போகலாமா, அதுவும் ஒருவருக்கு ரோலர் கோஸ்டர் பயம் என்றால்?

கேள்வி: வரும் ஆகஸ்டில் எங்கள் 12-ஆம் திருமண நாள். பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் மனைவியும் மட்டும் அமெரிக்காவில் தீம் பார்க்குகள் நிறைந்த ஓர்லாண்டோவுக்கு ஐந்து நாள் போகலாம் என்று இருக்கிறோம். எனக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். அவளுக்குப் பயம். பிள்ளைகளும் இல்லாமல், இப்படி ஆளுக்கொரு ரசனையோடு போவது சரிவருமா?

பதில்:

தயங்காமல் போங்கள். எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு நாங்கள் செய்ததும் இதேதான், ஆள் மட்டும் மாற்றி. எங்கள் வீட்டில் ரோலர் கோஸ்டர் பைத்தியம் நான். என் கணவருக்கு மொட்டைமாடி விளிம்பில் நின்றாலே வயிற்றைப் பிசையும். ஆறு நாள் இருந்தோம். முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்தால், நீங்களும் அதையே செய்துவிடுவீர்களோ என்று தோன்றுகிறது.

முதல் நாள் டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான அனிமல் கிங்டம் போனோம். காலையில் இருவருமாகச் சஃபாரி வண்டியில் போய் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்தோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் கண்ணில் பட்டது. 2006-இல் திறந்த கோஸ்டர் அது. பனிமலைக்குள் ரயில் ஏறிப்போகும், ஓரிடத்தில் தண்டவாளம் பிய்ந்து கிடக்கும், ரயில் அப்படியே இருட்டுக்குள் பின்னோக்கி இறங்கும். சாதாரண வரிசையில் காத்திருப்பு 60 நிமிடம் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே சிங்கிள் ரைடர் வரிசை காலியாக இருந்தது. வண்டியில் ஒற்றை இருக்கை மீந்தால் அதை நிரப்புவதற்காக, தனியாக ஏறச் சம்மதிப்பவர்களை நிறுத்தும் வரிசை அது. பத்து நிமிடத்தில் ஏறிவிட்டேன். இறங்கி வந்து, "இன்னும் ஒரே ஒரு தடவைங்க" என்றேன். அவர் "போய்ட்டு வா" என்றார். அதற்கப்புறம் மூன்றாவது தடவையும் போனேன்.

அன்று இரவு ஹோட்டலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு மணி நேரம் ரெண்டு பையையும் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இதுக்கு நீ தனியாவே வந்திருக்கலாமே." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன். சும்மா சொன்னதால்தான் உறைத்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு, இத்தனை மாதம் பணம் சேர்த்து இவ்வளவு தூரம் வந்தது இருவரும் சேர்ந்திருக்கத்தானே?

இரண்டாம் நாள் யூனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பார்க். அங்கே பெரிய கோஸ்டர் ஒன்றின் வாசலில் நான் தயங்கி நின்றதைப் பார்த்து, ஓர் ஊழியர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னோம். "அவர் ஏற வேண்டாம், வரிசையில் உங்களோடு வரலாமே" என்றார். ஏறும் மேடைக்கு வந்ததும் அங்கிருக்கும் ஊழியரிடம் 'நான் ஏறவில்லை' என்று சொன்னால் போதும், பக்கவாட்டு வழியைக் காட்டுவார்கள், அப்படியே நடந்து வெளியே போய்விடலாம். அநேகமாக எல்லாக் கோஸ்டரிலும் இப்படி ஒரு வழி உண்டு. கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிறவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பத்து வருடமாகக் கோஸ்டர் ஏறுகிறேன், எனக்கு இது அன்றுதான் தெரியும்.

அந்த வரிசையில் 55 நிமிடம் நின்றோம். அந்த 55 நிமிடத்தைப் பற்றித்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டில் எங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்றால், பால் வாங்கியாச்சா, பள்ளிக்கூடப் பணம் கட்டியாச்சா, நாளைக்கு யார் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான். வரிசையில் அதில் எதற்கும் வேலை இல்லை. கைப்பேசியையும் பையோடு லாக்கரில் வைத்துவிட்டோம். முதல் கால் மணி நேரம் முன்னால் நின்றவர்களின் தொப்பிகளைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர், இரவுப் பணியை விட்டுவிடலாமா என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எட்டு மாதம்! ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. மேடை வந்தபோது பேச்சு பாதியில் இருந்தது. நான் ஏறாமலே அவரோடு வெளியே வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர்தான் தள்ளிவிட்டார்.

கோஸ்டர் ஓடுவது இரண்டு, மூன்று நிமிடம். வரிசை ஒரு மணி நேரம். உங்கள் மனைவி அந்த மூன்று நிமிடம் உங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம், பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்கட்டும். அதனால்தான், எல்லோரும் சொல்வதற்கு மாறாக, வரிசையைத் தாண்டிப்போகும் கட்டணச் சீட்டை எல்லாவற்றுக்கும் வாங்காதீர்கள் என்கிறேன். டிஸ்னியில் அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பே எடுக்கலாம், மற்றவர்கள் 3 நாள் முன்பு. ஐந்து நாளில் ஒரு நாளைக்கு வாங்குங்கள், டிஸ்னியின் இன்னொரு பார்க்கான, கூட்டம் அதிகமுள்ள மேஜிக் கிங்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும். சிங்கிள் ரைடரும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் மனைவி தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றில் இருக்கும் நேரத்தில், நாளுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். பெஞ்சில் காத்திருக்க விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, இருவரும் சேர்ந்து ஏறக்கூடியவை நிறையவே இருக்கின்றன. மேஜிக் கிங்டத்தில் ஹாண்டட் மேன்ஷன் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பேய் வீடு என்றாலும் மென்மையான சவாரி. இரண்டு பேர் உட்காரும் கருப்புக் கூண்டுகள் சங்கிலிபோல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் வரிசையும் சட்டென்று நகரும். அதே பார்க்கின் டுமாரோலேண்ட் பகுதியில் தலைக்கு மேலே பீப்பிள்மூவர் என்று ஒரு குட்டி ரயில், சுமார் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றிக் காட்டும். பெரும்பாலும் வரிசை குறைவாகவே இருக்கும். கால் வலிக்கும்போதெல்லாம் அதில் ஏறினோம், மொத்தம் நான்கு தடவையாவது இருக்கும். அது ஸ்பேஸ் மவுண்டன் கட்டடத்துக்கு உள்ளேயும் புகுந்து போகிறது. ஆகவே அந்தக் கோஸ்டரின் இருட்டையும் கூச்சலையும், ஏறாமலே என் கணவரும் பார்த்துக்கொண்டார்.

ஸ்பேஸ் மவுண்டனில் ஒன்றைக் கவனியுங்கள். 1975-இல் திறந்தது, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவுதான், பயமெல்லாம் இருட்டால் வருவது. ஆனால் ஓர்லாண்டோவில் அதன் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. பயப்படுகிறவரை "நான் பக்கத்துல இருக்கேன், வா" என்று கூட்டிப்போய் அங்கே தனியாக உட்கார வைத்துவிடாதீர்கள். டிஸ்னியின் மற்றொரு பார்க்கான எப்காட்டில் இருக்கும் மிஷன் ஸ்பேஸ் என்ற விண்வெளிப் பயணச் சவாரி இருவகையாக இருக்கும். ஆரஞ்சு வண்ணத்தில் சுழற்சி உண்டு, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. பச்சை சாதுவானது. என் கணவர் பச்சையில் சந்தோஷமாக வந்தார்.

ஆகஸ்ட் என்கிறீர்கள், அதனால் வானிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புளோரிடாவில் கோடையில் பிற்பகல் இடியுடன் மழை என்பது கிட்டத்தட்ட தினசரி நிகழ்ச்சி. மின்னல் நெருங்கினால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், உங்கள் கோஸ்டர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும். எனவே கோஸ்டர்களைக் காலையில் முடியுங்கள். வாசல் திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் 30 நிமிடம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள், அந்த அரை மணி நேரம் பொன்னானது. மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துத் தூங்கி, ஐந்து மணிக்கு மறுபடி வாருங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது சாத்தியமே இல்லை. இருவராக வரும் உங்களால் முடியும். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம், ஆகவே விமானம், ஹோட்டல் இரண்டையும் மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமண நாளை எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எப்காட். மேஜிக் கிங்டத்தின் கோட்டை அழகுதான். 189 அடி உயரம், மேலே போகப்போகக் கற்களைச் சிறிதாக அமைத்து இன்னும் உயரமாகத் தெரிய வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பிள்ளைகளின் இடம், நம் பிள்ளைகளின் நினைவு வந்துகொண்டே இருக்கும். எனக்கு அங்கே இரண்டு முறை கண் கலங்கியது. 1982-இல் திறந்த எப்காட் பெரியவர்களுக்கும் ஏற்றது. ஓர் ஏரியைச் சுற்றி மெக்சிகோவில் தொடங்கிக் கனடா வரை 11 நாடுகளின் பாணியில் கட்டடங்கள். ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர். சவாரி ஒன்றுகூட ஏறாமல், சாயங்காலம் முழுக்கக் கைகோத்துக்கொண்டு நடக்கலாம்.

அன்று காலையிலேயே நுழைவாயில் அருகிலுள்ள கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற உதவி மையத்தில் திருமண நாள் பட்டன் கேளுங்கள், இலவசம். சட்டையில் குத்திக்கொண்டால் ஊழியர்கள் மட்டுமல்ல, எதிரே வரும் முன்பின் தெரியாதவர்களும் நாள் முழுக்க வாழ்த்துவார்கள். என் கணவர் கூச்ச சுபாவம், இது எதற்கு என்றார். மதியத்துக்குள் ஒவ்வொரு வாழ்த்துக்கும் "பத்து வருஷம்" என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்களைப்போலவே பட்டன் குத்திய ஒரு வயதான தம்பதி எதிரே வந்தார்கள், அவர்களுக்கு 41 வருடமாம். நால்வரும் கொஞ்ச நேரம் நின்று பேசினோம்.

பிறகு ஸ்பேஸ்ஷிப் எர்த், நுழைந்ததும் தெரியும் அந்த 180 அடிப் பெரிய வெள்ளி உருண்டை. அதற்குள் மெதுவாக மேலே ஏறிப்போய், பின்புறமாகச் சாய்ந்தபடி இறங்கி வரும் கால் மணி நேரச் சவாரி. பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மெக்சிகோ பகுதியின் பிரமிடுக்குள் இருக்கும் உணவகத்துக்குப் போனோம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் அந்திப்பொழுதுதான். மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர், அதில் படகுகள் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் ஏரிமேல் வாணவேடிக்கை. அரை மணி நேரம் முன்பே ஏரிக்கரைக் கம்பிவேலி ஓரமாக இடம் பிடித்துவிடுங்கள்.

யூனிவர்சலுக்கு ஒரு நாள் போதும். அங்கே ஹாரி பாட்டர் ரயில் இரண்டு பார்க்குகளை இணைக்கிறது. அதில் ஏற ஒரே நாளில் இரண்டுக்கும் போகக்கூடிய டிக்கெட் வேண்டும். போகும்போது ஒரு காட்சி, வரும்போது வேறு காட்சி, அதனால் இரு பக்கமும் ஏறுங்கள். 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற யூனிவர்சலின் இன்னொரு பார்க் சில கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. அதற்கும் ஆசை என்றால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள், மற்றவற்றோடு சேர்த்துத் திணிக்காதீர்கள்.

எங்கள் கடைசி நாளை என் கணவரிடம் விட்டேன், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று. அனிமல் கிங்டம் என்றார். சஃபாரி முடிந்ததும் அவராகவே எவரெஸ்ட் பக்கம் நடந்தார், சாதாரண வரிசையில் போய் நின்றார். அந்த வரிசை ஒரு மலைக் கிராமம் வழியாகப் போகிறது என்பதே எனக்குத் தெரியாது. பயண அலுவலகம், கோயில், மலையேறுகிறவர்களுக்கான கடை, கடைசியில் பனிமனிதனுக்கு ஒரு அருங்காட்சியகம். சிங்கிள் ரைடர் வழியில் போன நான் மூன்று தடவையும் இதில் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை. அவர் ஒவ்வொரு குறிப்பையும் நின்று படித்தார், பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு. மேடை வந்ததும் என் பையை வாங்கிக்கொண்டு பக்கவழியில் போய்விட்டார். நான் இறங்கி வந்தபோது புகைப்படத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் என் முகத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

உங்களுக்கு உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். டிஸ்னி உணவகங்களில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. ஆகஸ்ட் என்றால் ஜூனிலேயே மெக்சிகோவில் மேசை சொல்லிவிடுங்கள், தண்ணீர் ஓரம் கிடைக்குமா என்று அன்று உள்ளே போகும்போது கேளுங்கள். அப்புறம், உங்கள் பட்டியலை மனைவியிடம் காட்டுவதற்கு முன்னால் அவருடைய பட்டியலைக் கேட்டுவிடுங்கள்.