வலி மறைந்தால் நோய் போய்விட்டதா? எண்டார்ஃபின் பற்றி வாசகர் கேள்விகள்

எத்தனை நிமிடம் ஓடினால் எண்டார்ஃபின் சுரக்கும்? (கோவை)

எண்டார்ஃபின் என்பது வலியை அடக்க உடலே சுரக்கும் பொருள். இத்தனையாவது நிமிடம் என்று கணக்கு கிடையாது. நன்றாக மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடினாலோ, மிதமான வேகத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடினாலோதான் ரத்தத்தில் அளவு தெளிவாக ஏறும். ஓடி முடித்ததும் வரும் குதூகலம் முழுவதையும் எண்டார்ஃபின் கணக்கில் எழுதவும் முடியாது. 2021-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 60-க்கும் மேற்பட்டவர்களை 45 நிமிடம் ஓடவைத்துப் பார்த்தார்கள். எண்டார்ஃபின் வேலை செய்யும் ஏற்பிகளை நால்ட்ரெக்சோன் என்ற மருந்து கொடுத்து அடைத்த பிறகும் குதூகலம் வந்தது. உடலே தயாரிக்கும், கஞ்சாவில் உள்ளதைப் போன்ற எண்டோகன்னாபினாய்டுகளுக்கு அதில் பெரிய பங்கு இருக்கலாம்.

ஓட ஆரம்பித்ததும் முழங்கால் வலிக்கிறது. பத்து நிமிடத்தில் வலி போய்விடுகிறது. தொடரலாமா? (திருச்சி)

வலி குறைந்தது என்றால் காயம் ஆறியது என்று பொருளல்ல. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பாதிப்பில் இப்படித்தான் நடக்கும்: உடல் சூடானதும் வலி அடங்கும், மறுநாள் காலையில் திரும்பும். அதனால் ஓடும்போது இருக்கும் நிலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலை படியிறங்கிப் பாருங்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் தூரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடலாம். கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால் அது வேறு விஷயம். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்.

மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டால் உற்சாகம் வருவது இதனால்தானா? (விருதுநகர்)

ஓரளவு. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, உடல் அதை எரிச்சலாக எடுத்துக்கொண்டு பதில் கொடுக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் உற்சாகத்துக்கு வேறு வழி பாருங்கள்.

எண்டார்ஃபின் கூட்டும் கேப்சூல் ஆன்லைனில் வாங்கினேன். ரத்தப் பரிசோதனை செய்து குறைபாட்டைத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்களே? (சென்னை)

மாதாமாதம் இதே கடிதம் வருகிறது, ஆகவே முழுதாகவே சொல்லிவிடுகிறேன். பீட்டா எண்டார்ஃபின் 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. விழுங்கினால் குடல் அதைச் சாப்பாட்டுப் புரதம் போலவே செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதனால்தான். ரத்தத்தில் சேர்ந்தாலும் மூளைக்குள் எளிதில் நுழைய ரத்த-மூளைத் தடுப்பு விடாது. கேப்சூலில் பெரும்பாலும் இருப்பது ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம். வலியைக் குறைக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. அதை உடலால் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

பரிசோதனைக்கு வருவோம். ரத்தத்தில் உள்ள எண்டார்ஃபின் பெரும்பாலும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விடுவது. மன அழுத்தத்தில் கூடும் ஏசிடிஎச் ஹார்மோனும் அதே தாய்ப் புரதத்திலிருந்துதான் பிரிகிறது. ஊசிக்குப் பயந்தாலே எண் மாறலாம். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. 'எண்டார்ஃபின் குறைபாடு' என்று மருத்துவர் எழுதித்தரும் நோயும் கிடையாது. அசதியும் உடம்பு வலியும் மாதக்கணக்கில் இருந்தால் அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), பி12, வைட்டமின் டி பாருங்கள். காரணம் கிடைக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

தினமும் நடக்கிறேன், மனசு தெளிவாக இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா? (மதுரை)

நீங்களாக நிறுத்தாதீர்கள். செர்ட்ராலின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். நடை தொடரட்டும்.

அப்பாவின் இடுப்பு வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை தருகிறோம். இப்போது அதில்லாமல் இருக்க முடியவில்லை. (சேலம்)

வெள்ளை மாத்திரை என்றால் எதைப் புரிந்துகொள்வது? பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதாமல் பதில் கேட்காதீர்கள். டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையாக இருந்தால், எண்டார்ஃபின் அமரும் அதே ஏற்பிகளில்தான் அது அமர்கிறது. நாள்பட்டால் உடல் பழகிவிடும். நிறுத்தினால் வியர்வை, உடம்பு வலி, தூக்கமின்மை. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துத் தந்தால் வலிப்பு வரும் அபாயமும் உண்டு. பாராசிட்டமால் கலந்த டிரமடாலும் இருக்கிறது. அதன் மேல் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தால் பாராசிட்டமால் அளவு மீறி கல்லீரல் பாதிக்கப்படலாம். அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரசவத்தில் எபிடியூரல் போட்டால் எண்டார்ஃபின் குறையுமாமே? (தஞ்சாவூர்)

முதுகில் போடும் அந்த வலிநீக்க ஊசியால் குறையும். வலியே குறைவதால் அப்படி. ஊசியை மறுக்க அது காரணமல்ல.

சர்க்கரை நோயாளி, வயது 56. நடக்க ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் நெஞ்சு இறுகுகிறது. விடாமல் நடந்தால் சரியாகிவிடுகிறது. எண்டார்ஃபின் வேலைதானே? (நெல்லை)

இல்லை. இதய ரத்தக்குழாய் அடைப்பிலும் இப்படி நடக்கும். மறுபடியும் சொல்கிறேன், வலி குறைந்தது என்றால் நோய் போய்விட்டது என்று பொருளல்ல. நடையை இன்றே நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் போதும் என்று திரும்பிவிடாதீர்கள். நடக்கும்போது வருவதை அழுத்திச் சொல்லி, எக்கோவும் (இதய ஸ்கேன்) வேறு என்ன சோதனை தேவை என்பதையும் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.