பல் நிற ஃபில்லிங்கும் நம் செல்களும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், பல் நிற ரெசின் ஃபில்லிங் செல்களைக் கொல்லும் என்று படித்தேன். போன வாரம்தான் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு வைத்தார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். எடுக்கப் போனால் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. பசையாக இருக்கும் ரெசினில் பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ, ஹெமா போன்ற மோனோமர்கள், அதாவது ஒன்றோடொன்று பிணையக்கூடிய சிறு மூலக்கூறுகள், உண்டு. நீல ஒளி பட்டதும் இவை பிணைந்து கெட்டியாகும். எல்லாமே பிணைந்துவிடுவதில்லை. மிச்சத்தில் சிறு பங்கு வெளியே கசியும், பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கேள்வி: கசிவது செல்லுக்குள் என்ன செய்கிறது, சார்? நான் நர்சிங் மாணவி.

பதில்: டெக்டிஎம்ஏ, ஹெமா இரண்டும் சிறிய மூலக்கூறுகள், செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும். அது குறைந்தால் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் ரேடிக்கல்கள் பெருகும், டிஎன்ஏ சேதமாகும், கடைசியில் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தைச் சேர்த்தால் சேதம் குறைகிறது என்பதும் சோதனையில் தெரிந்ததுதான்.

ஆனால் இவற்றில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டில் வளர்த்த ஈறு, பல்கூழ் (பல்லின் உள்ளே இருக்கும் மென்திசு) செல்களில் பார்த்தது. அங்கே செல் மோனோமரில் முங்கிக் கிடக்கிறது. வாயில் எச்சில் கழுவுகிறது, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அடுக்கு தடுக்கிறது, பல்கூழின் ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போகிறது. சொத்தை ஆழமாகி டென்டின் மெலிந்திருந்தால்தான் எனக்குக் கவலை. அப்போது அடியில் எம்டிஏ என்ற பல் சிமென்ட் போன்ற காப்புப் பூச்சு வைத்துவிட்டுத்தான் ரெசினுக்குப் போவோம்.

கேள்வி: ரெசினில் பிபிஏ (பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்ஃபீனால்-ஏ) இருக்கிறதாமே?

பதில்: பிஸ்-ஜிஎம்ஏவைத் தயாரிக்கும்போது மிஞ்சும் சொற்பம் இருக்கலாம். எச்சிலில் உடைந்து பிபிஏ ஆவது பிஸ்-டிஎம்ஏ என்ற வேறொரு மோனோமர்.

கேள்வி: மகளுக்கு சீலன்ட், அதாவது சொத்தை வராமல் பல் பள்ளங்களை மூடும் ரெசின் பூச்சு, போடப் போகிறோம். எதைக் கவனிக்கணும்?

பதில்: போட்டதும் மேல் படலத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். காற்று படும் மேற்பரப்பு சரியாக இறுகாது, கசிவுக்கு முதல் காரணம் அதுதான். ஃபில்லிங் என்றால் சாதாரண ரெசினை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டணும். விளக்கு பழசாகி மங்கியிருந்தால் எந்தப் பிராண்ட் வாங்கியும் பயனில்லை.

கேள்வி: கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். விரல் நுனியில் தோல் வெடிக்கிறது.

பதில்: ஹெமா அலர்ஜியாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை) கேளுங்கள். லேடெக்ஸ் கையுறையை ஹெமா சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பசை பட்டால் உடனே கழற்றி, கையைக் கழுவி, புதிதாகப் போடுங்கள். நோயாளியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், தினமும் தொடுவது நீங்கள்தானே.