டெஸ்ட் கிரிக்கெட்டில் எந்த இரண்டு நாடுகள் மோதுவது பார்க்க மிகச் சுவையானது?

என் ஓட்டு இந்தியா–ஆஸ்திரேலியாவுக்கு. "இந்தியன் வேறென்ன சொல்வாய்" என்பவர்களுக்கு ஒன்று: ஊர்ப்பாசத்தில் சொல்வதென்றால் நான் இந்தியா–பாகிஸ்தான் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

முதலில் ஆஷஸ், அதாவது இங்கிலாந்து–ஆஸ்திரேலியா. அது தாத்தா காலத்து நில வழக்கு மாதிரி. 1882இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியா 7 ரன்னில் ஜெயித்தது. இங்கிலாந்து கிரிக்கெட் செத்துப்போனது, உடலை எரித்துச் சாம்பலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோவார்கள் என்று ஒரு லண்டன் பத்திரிகை கிண்டலாக இரங்கல் குறிப்பு போட்டது. அந்தச் சாம்பல்தான் ஆங்கிலத்தில் ஆஷஸ் என்று பெயராக நின்றுவிட்டது. வாய்தா மட்டும் இன்றுவரை தவறாமல் வருகிறது.

ஆட்டங்களைக் குறை சொல்ல வாய் வராது. 2005 எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி லீயும் காஸ்ப்ரோவிச்சும் 59 ரன் சேர்த்து, இன்னும் மூன்றே ரன் என்ற இடத்தில் பந்து கையுறையில் பட்டு கீப்பரிடம் போனது. 2019 ஹெடிங்லியில், முதல் இன்னிங்ஸில் 67க்குச் சுருண்ட இங்கிலாந்து 359ஐத் துரத்தி ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. ஸ்டோக்ஸ் 135, பக்கத்தில் ஜாக் லீச் 17 பந்தில் 1. அந்த ஒரு ரன்னுக்கே சிலை வைக்கலாம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2010-11க்குப் பிறகு இங்கிலாந்து ஆஸ்திரேலியாவில் ஒரு ஆஷஸ் தொடரையும் வென்றதில்லை. 2001க்குப் பிறகு ஆஸ்திரேலியா இங்கிலாந்தில் வென்றதில்லை. இரண்டு முறை 2-2 என்று சமன் செய்து கோப்பையைத் தக்கவைத்ததோடு சரி. அவரவர் வீட்டில் அவரவர் ராஜா. எனக்கு இது போதாது. எதிராளியின் வீட்டுக்குள் போய், அவன் மண்ணில், அவன் வெயிலில் ஜெயித்துவிட்டு வர முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

இந்தியா–பாகிஸ்தான் பங்காளிச் சண்டை. உணர்ச்சியில் அதை எதுவும் மிஞ்சாது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 271ஐத் துரத்தினோம். 82க்கு 5 என்று கிடந்த அணியை, முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து இழுத்து வந்தார். அவர் அவுட் ஆனபோது தேவை 17 ரன், கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. அப்புறம் அந்தக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியதும், வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் இரு நாடுகளும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூரில். அன்று பிறந்த பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடும் வயதில் இருக்கிறார்கள். ஆடாத ஆட்டத்துக்கு நான் எப்படி முதல் பரிசு கொடுப்பது?

வெஸ்ட் இண்டீஸ்–ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. இப்போது எப்போதாவது ஒரு மின்னல் வெட்டுகிறது. இந்தியா–இங்கிலாந்து வேகமாக மேலே வருகிறது. 2025 ஓவலில் கை தோளில் கட்டுப்போட்டு வோக்ஸ் இறங்கி வந்ததும், சிராஜ் 6 ரன்னில் ஆட்டத்தை முடித்ததும், தொடர் 2-2 என்று நின்றதும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இன்னும் பத்து வருடம் கழித்து இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் மாறலாம்.

சரி, இந்தியா–ஆஸ்திரேலியா. இதில் எனக்குப் பிடித்தது, பின்னால் எந்தப் பழைய பகையும் இல்லாதது. எல்லைத் தகராறு கிடையாது, ஆண்டான்–அடிமைக் கதை கிடையாது. இருக்கிற பகை அத்தனையும் மைதானத்துக்குள்ளேயே சம்பாதித்தது.

எங்கள் வீட்டில் இது 1986 செப்டம்பரில் ஆரம்பித்தது. சேப்பாக்கத்துப் புழுக்கத்தில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார்; ஆடி முடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். கடைசி நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர், கடைசி விக்கெட், நாலு ரன் வேண்டும். பந்துவீச்சு கிரெக் மேத்யூஸ். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், அடுத்த பந்தில் ஒன்று. ஸ்கோர் சமம். மீதி மூன்று பந்து, எதிரில் மணீந்தர் சிங். ஒன்றைத் தடுத்தார், அடுத்தது காலில் வாங்கி எல்பிடபிள்யூ. மட்டையில் பட்டது என்று மணீந்தர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்ட் வரலாற்றில் இதுவரை இரண்டே ஆட்டங்கள்தான் டை. அதில் ஒன்று இது.

அந்த ஒற்றை ரன்னை சாஸ்திரி எடுத்தது சரியா என்று அப்பாவும் சித்தப்பாவும் நான் நடை பழகிய நாளிலிருந்து சண்டை போடுகிறார்கள். அப்பா கட்சி: எடுத்ததால் தோல்வி இல்லை என்றாகிவிட்டது, அதுதான் புத்திசாலித்தனம். சித்தப்பா கட்சி: 48 ரன் எடுத்து நிலைத்து நிற்பவன், மூன்று பந்தைப் பதினோராவது ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதா? சித்தப்பா அதை ஸ்டேடியத்தில் நேரில் பார்த்ததாகவும் சொல்வார். அந்த வாரம் அவர் திருச்சியில் இருந்தார் என்பது அப்பாவின் சாட்சியம்.

அதற்குப் பிறகு பத்து வருடம் ஆஸ்திரேலியா இங்கே டெஸ்ட் ஆடவே வரவில்லை. 1996இல் டெல்லியில் ஒரே ஒரு டெஸ்ட். இந்தியா–ஆஸ்திரேலியா தொடருக்கான பார்டர்–காவஸ்கர் கோப்பை பிறந்தது அங்கேதான். 1998இல் ஆஸ்திரேலியச் சுழல் மன்னர் ஷேன் வார்ன் வந்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடித் தடத்தில் குத்தித் திருப்புவார் என்று தெரிந்து, சச்சின் பிட்சில் அந்த இடத்தைக் கீறி வைத்து, முன்னாள் லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனைப் போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் வார்னிடம் 4 ரன்னில் ஸ்லிப்பில் கேட்ச். இவ்வளவு வீட்டுப்பாடமும் வீணா என்று இருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் அதே தடத்திலிருந்து எழும்பிய பந்துகளை மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கித் தூக்கி 155, அவுட் இல்லை.

2001 பற்றித் தொடங்கினால் பதில் முடியாது. லக்‌ஷ்மண் 281, திராவிட் 180, ஹர்பஜன் தொடரில் 32 விக்கெட். விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது 2004 சேப்பாக்கம் டெஸ்ட். அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெரிய அடி விழுந்தால் மைதானத்துச் சத்தம் அறைக்குக் கேட்கும். கும்ப்ளே அந்த டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தார். வார்ன் முரளிதரனைத் தாண்டி, அன்றைய தேதிக்கு உலகிலேயே அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவரானார். ஆனால் எங்களைக் கொன்றது கில்லெஸ்பி. நாள் முடியும் நேரத்தில் முன்னணி ஆட்டக்காரரைக் காக்க நைட் வாட்ச்மேனாக முன்கூட்டியே இறங்கிய வேகப்பந்து வீச்சாளர், 165 பந்து நின்று 26 ரன் எடுத்தார். "இவன் பவுலரா, கோயில் தூணா?" என்று அறை நண்பர் ரேடியோவைப் பார்த்துத் திட்டினார். ஒருவழியாக அவர்களை முடித்து, இலக்கு 229 என்றானது. நாலாம் நாள் முடிவில் 19க்கு விக்கெட் இழப்பில்லை. முதல் இன்னிங்ஸில் 155 அடித்த சேவாக் நிற்கிறார். ஐந்தாம் நாளுக்கு எங்கள் இருவரிடமும் டிக்கெட் இருந்தது. பழைய சேப்பாக்கத்தில் மலிவு டிக்கெட் என்றால் முன்னால் ஒரு தூண் நிற்கும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் தயாராகத்தான் இருந்தோம்.

திங்கள் காலை மழை. சும்மா தூறல் இல்லை, அக்டோபர் கடைசியில் வர வேண்டியது முன்கூட்டியே வந்த மாதிரி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே குடையில் இருவரும் வாலாஜா சாலைவரை போனோம். டீக்கடை ஓரத்தில் எங்களைப் போலவே முப்பது நாற்பது பேர், சட்டைப்பையில் டிக்கெட்டோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டு. "பதினோரு மணிக்கு விட்டுரும்" என்றார் ஒரு பெரியவர். விடவில்லை. ஒரு பந்துகூடப் போடாமல் ஆட்டம் டிரா. அடுத்து நாக்பூரில் பச்சைப் புல் விட்ட பிட்ச்; 342 ரன்னில் ஆஸ்திரேலியா ஜெயித்து, 35 வருடம் கழித்து இந்திய மண்ணில் தொடரை எடுத்துக்கொண்டது. அந்தத் திங்களன்று வெயில் அடித்திருந்தால்? ஐந்தாம் நாள் பிட்சில் வார்ன் இருந்தார், எனவே நாம் ஜெயித்திருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அறை நண்பர் செய்வார்.

இந்த மோதலில் கணக்கு எப்போதும் முடியாது. ஸ்டீவ் வாஹ் அணி அடுத்தடுத்து 16 டெஸ்ட் ஜெயித்து, 2001இல் கொல்கத்தாவில் நின்றது. பான்டிங் அணியும் சரியாக 16 ஜெயித்து, 2008இல் பெர்த்தில் நம்மிடம் நின்றது. அதுவும் எப்போது? நடுவர் தீர்ப்புகளும் ஹர்பஜன்–சைமண்ட்ஸ் விவகாரமும் சேர்ந்து நாறடித்த சிட்னி டெஸ்டுக்கு அடுத்த ஆட்டத்தில். (அந்தச் சிட்னியில் இரண்டு பக்கமும் அழகாக நடந்துகொள்ளவில்லை என்பது என் கருத்து. திட்டுகிறவர்கள் திட்டலாம்.) 2017இல் புனேயில் நாம் சுழலுக்கு வெட்டிய குழியில் ஸ்டீவ் ஓ'கீஃப் நம்மையே தள்ளினார்: 35 ரன் கொடுத்து 6 விக்கெட், மறுபடியும் 35 ரன் கொடுத்து 6 விக்கெட்.

கடைசியாக 2020-21. அடிலெய்டில் 36 ரன்னோடு நம் இன்னிங்ஸ் முடிந்தது. கோலி ஊர் திரும்பினார். பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். இருந்தும் மெல்போர்னில் ரஹானே சதம் அடித்து ஜெயித்தார்கள். சிட்னியில் கடைசி நாள், தொடைத் தசை பிடித்த விஹாரியும், முதுகு பிடித்த அஷ்வினும் 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம். அலுவலகக் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு ஒரு காதில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டம்ப் மைக்கில் "ஆடு மாமா" என்று அஷ்வின் குரல் வந்ததும் நான் சிரித்தது கூட்டத்தில் கேமரா வழியாகத் தெரிந்துவிட்டது.

பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கியது மாட்டுப் பொங்கல் அன்று, நம் நேரத்துக்குக் காலை 5.30. 1988க்குப் பிறகு அன்றுவரை அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா ஒரு டெஸ்ட்கூடத் தோற்றிருக்கவில்லை. அங்கே நம் அணியில் இரண்டு புது முகங்கள்: சின்னப்பம்பட்டி நடராஜன், வாஷிங்டன் சுந்தர். இருவரையுமே வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். 186க்கு 6 என்று தள்ளாடியபோது வாஷிங்டனும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். கடைசி நாள் இலக்கு 328. புஜாரா தோளில், விரலில், ஹெல்மெட்டில் என்று அடி வாங்கிக்கொண்டே 211 பந்து நின்றார். டிரா செய்தாலே கோப்பை நம்மிடம்தான். ரிஷப் பந்த் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. ஹேசல்வுட் பந்தை லாங் ஆஃப் பக்கம் தள்ளினார், அது உருண்டு கயிற்றைத் தொட்டது, மூன்று விக்கெட்டில் வெற்றி.

அப்பாவுக்குப் போன் போட்டேன். பிஸி. கால் மணி நேரம் கழித்தும் பிஸி. கடைசியில் அம்மா எடுத்தார்.

"அப்பா எங்கேம்மா?"

"டிவில சாஸ்திரியக் காட்டினாங்களாம். இப்ப அவன்தானே கோச்சு? உங்க சித்தப்பா உடனே போன் பண்ணிட்டாரு. 'இந்தப் பையனுக்கு இருக்கிற தைரியம் அன்னிக்கு இவனுக்கு இருந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சாரு. இன்னும் ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருக்காங்க. நீ அப்புறமா பேசு."