ஆயில் பேஸ்டலில் (எண்ணெயும் மெழுகும் கலந்த வண்ணக்குச்சி) வெளியே போய் இயற்கைக் காட்சி வரைய வெள்ளைத்தாள் போதாதா? வண்ணத்தாள் எதற்கு?

என்னைக் கேட்டால், வெளியே உட்கார்ந்து வரைபவருக்கு வண்ணத்தாள்தான் சரி. வெள்ளைத்தாள் வெயிலில் கண் கூசும். எது வெளிச்சம், எது நிழல் என்ற கணக்கே தவறிப்போகும். அதோடு, ஆயில் பேஸ்டல் தாளின் மேடுகளில்தான் முதலில் ஒட்டும். பள்ளங்களில் தாளின் நிறம் எட்டிப்பார்க்கும். அது வெள்ளையாக இருந்தால் படம் முழுக்க உப்புத் தூவியதுபோல் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் செஞ்சி. அங்கே ராஜகிரி கோட்டை மலையின் அடிவாரத்தில் குவிந்து கிடக்கும் பாறைகளுக்குச் செம்பழுப்புத் தாள்தான் எடுப்பேன். பாறையின் நடுநிறத்தைத் தாளே கொடுத்துவிடும். வெயில் படும் முகத்தில் வெளிர்மஞ்சளை அழுத்தி ஓர் இழுப்பு, நிழல் பக்கம் ஊதாவும் நீலமும் லேசாக. நடுப்பகுதியைத் தொடவே வேண்டாம், பாறை உருண்டு நிற்கும்! புதர்களுக்கும் இதே தாள் கைகொடுக்கும். பெட்டியில் வரும் பச்சை அப்படியே பூசினால் பச்சைப்பசேல் என்று செயற்கையாக இருக்கும். அடியில் அதன் எதிர்நிறமான சிவப்புச் சாயல் ஆங்காங்கே தெரிந்தால் அதே பச்சை அடங்கி, உயிரோடு இருக்கும். வானத்தை மட்டும் இடைவெளி விட்டுப் பூசுங்கள். நீலத்துக்கு நடுவே தாளின் செம்மை கசிந்தால்தான் காலை நேரத்து இளஞ்சூடு வரும்.

கடையில் கிடைக்கும் கலர் சார்ட் பேப்பர் வேண்டாம். வழுக்கும், வெளிச்சத்தில் சாயமும் போய்விடும். கெட்டியான வாட்டர்கலர் தாளில் அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசிக் காயவையுங்கள். தாளின் சொரசொரப்பும் இருக்கும், பேஸ்டலின் எண்ணெய் தாளுக்குள் ஊறுவதும் குறையும். நிறம் பிடிக்குமா என்ற கவலையே வேண்டாம். 1949-இல் பிக்காசோவுக்காக பாரிஸின் சென்னெலியர் நிறுவனம் ஆயில் பேஸ்டல் செய்ததே, எந்தப் பரப்பிலும் நேரடியாக வரைய வேண்டும் என்று அவர் கேட்டதால்தான்.

அப்புறம், சித்திரை வெயிலில் குச்சிகள் குழைந்துவிடும். பெட்டியை நிழலில் வையுங்கள், காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். இது ஆயில் பெயின்ட் மாதிரி காய்ந்து இறுகாது. கிளம்பும்போது படத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து, அட்டையோடு சேர்த்து நான்கு மூலையிலும் கிளிப் போட்டுவிடுங்கள்.