மோல் கணக்கும் பியூரெட்டும்: வேதியியல் கேள்வி-பதில்

கே: மகள் தொடக்கக் கல்லூரியில் எச்1 (ஏ நிலைத் தேர்வில் எச்2-ஐவிடக் குறைந்த பாடத்தளவு) வேதியியல் எடுத்திருக்கிறாள். மருத்துவம் படிக்க அது போதுமா? (தாயார், ஈசூன்)

ப: போதாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி எச்2 வேதியியலில் தேர்ச்சி கேட்கிறது. கூடவே எச்2 உயிரியலோ இயற்பியலோ வேண்டும். எச்1-இல் செய்முறைத் தேர்வும் இல்லை. பாடம் மாற்ற வழியுண்டா என்று இந்த வாரமே ஆசிரியரிடம் கேளுங்கள். தள்ளிப்போடப் போட, விட்ட பாடம் குவிந்துவிடும்.

கே: நான் சமூகவியல் மாணவன், கணக்கில் சுமார். அறிவியல் சாராதவர்களுக்கான வேதியியல் பாடம் எடுக்கலாமா? (செங்காங்)

ப: தாராளமாக எடுங்கள். இத்தகைய பாடங்களில் குடிநீர், மருந்து, பிளாஸ்டிக் என்று கையில் புழங்கும் பொருள்கள்தாம் பெரும்பாலும் வரும். சிங்கப்பூரில் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரையே பாருங்கள்: நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என மூன்று படிகள். மூன்றையும் சமன்பாடு இல்லாமலே விளங்கிக்கொள்ளலாம். கணக்கில் விகிதமும் கொஞ்சம் மடக்கையும் தெரிந்தால் நல்லது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மடக்கை அளவு; அது 7-இலிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை இரண்டு மடங்கல்ல, 100 மடங்கு கூடுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்று மட்டும் கவனம்: பின்னால் கரிம வேதியியல் படிக்கும் எண்ணம் இருந்தால், இந்தப் பாடத்தை முன்தகுதியாக ஏற்பார்களா என்று பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கே: ஆய்வகத்துக்குச் செருப்பு போட்டுப் போகலாமா?

ப: கூடாது. சிந்தும் அமிலம் முதலில் விழுவது பாதத்தில். மூடிய காலணிதான்.

கே: 5.85 கிராம் உப்பை 250 மி.லி. நீரில் கரைத்தேன். செறிவு 0.400 என்றேன், ஆசிரியர் தவறு என்கிறார். (தெம்பனிஸ்)

ப: கணக்கு சரி, செய்முறைதான் தவறு. 5.85-ஐ உப்பின் ஒரு மோல் (துகள்களை எண்ணும் அலகு) எடையான 58.5 கிராமால் வகுத்தால் 0.100 மோல், அது 0.250 லிட்டர் கரைசலில் இருந்தால் லிட்டருக்கு 0.400 மோல். நீங்கள் அளந்ததோ நீரை. உப்பு சேர்ந்ததும் கரைசலின் கன அளவு 250-ஐத் தாண்டிவிடும். முகவையில் கொஞ்சம் நீரில் கரைத்து, அளவுக் குடுவையில் ஊற்றி, முகவையைக் கழுவிய நீரையும் அதிலேயே சேருங்கள். பிறகு கோடு வரை நீர் விட்டு, மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள்.

கே: டைட்ரேஷனில் (ஒரு கரைசலோடு வினைபுரியத் தேவையான மற்றொன்றின் அளவைக் காணும் சோதனையில்) 24.80, 24.30, 24.55 மி.லி. என்று வருகிறது. எதை எடுப்பது?

ப: எதையும் எடுக்காதீர்கள். 0.10 மி.லி.க்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவுகள் கிடைக்கும்வரை தொடருங்கள். முதலில் பியூரெட்டின் (அளவுக் கோடுகளும் கீழே திருகும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாயின்) நுனியைப் பாருங்கள். அங்கே காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய திரவமும் கணக்கில் சேர்ந்து அளவு கூடிவிடும். புனலை மேலேயே விட்டிருந்தால் அதிலிருந்து சொட்டுவதால் அளவு குறையும். பியூரெட்டை நீரால் அலசியபின் நிரப்பப்போகும் கரைசலாலும் அலசுங்கள். கூம்புக் குடுவைக்கு நீர் மட்டும் போதும். அதைக் கரைசலால் அலசினால் உள்ளே ஒட்டிய மிச்சமும் வினையில் சேர்ந்துகொள்ளும். கடைசி 1 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீனில் நிலைத்து நிற்கும் மிக வெளிர் இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். அடர்ந்த நிறம் வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.